கடன் தீர்ந்த பின்னும் ஏழு, எட்டாம் எண் வீடுகளின் மீது நிற்கும் அடமானம்

அனுப்புநர்
தையல்காரி,
வீடு எண் 7 (தங்கள் வரைபடத்தின்படி 8),
முதல் மாடி, மூன்றாம் கட்டடம்,
வாரியக் குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அம்மா அவர்கள்,
வீட்டு வசதி வாரியம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கடன் முழுவதும் செலுத்தப்பட்ட இரண்டு வீடுகளின் மீது வாரியத்துக்கு இன்னும் அடமான உரிமை இருப்பதாகக் கூறி, அவற்றில் ஒன்றை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பை ரத்து செய்யவும், இரண்டு வீடுகளின் அடமானத்தையும் விடுவிக்கவும் கோருதல் மற்றும் கோப்பில் உள்ள இரண்டு கடிதங்கள் குறித்து.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் மே 27. விசாரணை நாள் ஜூன் 15.

மதிப்பிற்குரிய அம்மா,

1. வணக்கம். மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்து, சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்து வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால், மனுவுக்கு உரிய மரியாதைச் சொற்களை என் மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். மரியாதை குறைந்த இடத்தில் என்னையும், கூடிப்போன இடத்தில் அவளையும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. இம்மனுவில் வரும் இன்னொருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். பூட்டு பழுது பார்ப்பவர், மாற்றுச் சாவி செய்பவர். சென்ற மே மாதம் பன்னிரண்டாம் தேதியிலிருந்து அவர் என் கணவர். அதற்கு முந்தைய இருபத்திரண்டு ஆண்டுகள் வெறும் பூட்டுக்காரர். எந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேனோ அதற்கேற்ப அவர் பெயர் இம்மனுவில் மாறி வரும். குடியிருப்பில் பெண்கள் எல்லோரும் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டபோது நான் மட்டும் "பூட்டுக்காரரே" என்றே கூப்பிட்டு வந்தேன். இது என்னுடைய தொலைநோக்கு என்கிறாள் என் மகள். உண்மை அதுவல்ல. அவர் அப்போது என் பீரோ சாவியை மூன்று மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில் வாயில் அண்ணே வரவில்லை.

3. எங்கள் இருவருக்கும் ஒரே குலுக்கலில் வீடு விழுந்தது. ஏழாம் எண் எனக்கு, எட்டாம் எண் அவருக்கு. வீட்டுக்கான கடனை வாரியமே கொடுத்தது. கடனுக்கு ஈடாக அதே வீட்டை அடமானமாக எழுதியும் வாங்கிக்கொண்டது. இதில் எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. சாவி கொடுத்த அன்று, வாரியத்து ஊழியர் ஒருவர் மர டப்பாவிலிருந்து அட்டை கட்டிய சாவிகளை எடுத்து எடுத்து நீட்டினார். கதவுகளில் அப்போது எண் கிடையாது. ஏழு என்று அட்டை தொங்கிய என் சாவியை ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்த்தேன். கோடியில் இருந்த கடைசிக் கதவு திறந்தது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். எட்டு என்ற அட்டையோடு வந்தவருக்கு அதற்கு முந்தைய கதவு திறந்தது. அட்டைகள் இடம் மாறிக் கட்டப்பட்டிருந்தன என்பது யாருக்கும் தெரியாது. தொழில் தெரிந்தவராவது கவனித்திருக்க வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். நானும் பின்னாளில் கேட்டேன். "சாவி தொறந்தா அது என் வீடு, டெய்லரம்மா. நம்பரைப் பாத்துக் கதவு தொறக்குறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்ல" என்றார்.

4. அடுத்த மாதம் வாரியத்தின் பெயின்டர் வந்து கதவுகளில் எண் எழுதினார். அவர் கையில் டப்பாவும் தூரிகையும் இருந்தன, வரைபடம் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உங்க வீடு எத்தனாம் நம்பர்?" என்று எங்களையே கேட்டார். நான் ஏழு என்றேன், எழுதினார். பூட்டுக்காரர் எட்டு என்றார், எழுதினார். அன்றிலிருந்து எங்கள் மாடியில் வீடுகள் ஐந்து, ஆறு, எட்டு, ஏழு என்று வரிசையாக நிற்கின்றன. தபால்காரர் ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். மாடியில் வளர்ந்த குழந்தைகள் சிலர் ஐந்து, ஆறு, எட்டு, ஏழு என்று எண்ணி ஆசிரியையிடம் குட்டு வாங்கியதாகவும் கேள்வி.

5. கடனை இருவரும் ஒழுங்காகக் கட்டினோம். என் முதல் கணவர் இறந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. அந்த ஆண்டு மட்டும் இரண்டு தவணை தள்ளிப்போனது. அதற்கும் அபராதத்தோடு கட்டியிருக்கிறேன். பூட்டுக்காரர் சென்ற ஆண்டு மார்ச்சில் முடித்தார், நான் ஜூலையில் முடித்தேன். பாக்கி ஏதும் இல்லை என்று தங்கள் அலுவலகமே முத்திரை வைத்துச் சான்று கொடுத்தது. அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இரண்டு சான்றுகளின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. என்னுடையதில் தெரியும் கறுப்புப் பட்டை கண்ணாடிச் சட்டத்தின் நிழல். கழற்றாமல் நகல் எடுக்கச் சொன்னேன்.

6. அடமானத்தை விடுவித்துப் பத்திரத்தைத் திருப்பித் தரும்படி இருவரும் விண்ணப்பித்தோம். அதற்கு முன் வீட்டை ஒருமுறை அளந்து பார்ப்பது வழக்கமாம். அளப்பவர் நாடாவோடும் வரைபடத்தோடும் வந்தார். என் வீட்டுக்குள் வந்தவர் நாடாவை விரிக்கவே இல்லை. மேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இந்த ஜன்னல் இங்க இருக்கக் கூடாதே" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா அங்கதாங்க இருக்கு. நேத்து வந்து ஒட்டிக்கலை" என்றேன்.

வரைபடத்தில் ஏழாம் எண் வீட்டுக்கு மேற்கு ஜன்னல் இல்லை. கோடியில் இருக்கும் எட்டாம் எண் வீட்டுக்குத்தான் அது கூடுதலாக வைக்கப்பட்டது. அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது: அவர் வீட்டில் நானும், என் வீட்டில் அவரும் இருந்திருக்கிறோம். அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் இத்தனை ஆண்டுகள் ஊசியில் நூல் கோத்திருக்கிறேன். பூட்டுக்காரருக்குத் தெரிந்ததும் அன்று மாலையே வாசலில் வந்து நின்றார். "டெய்லரம்மா, இவ்வளவு நாளா என் ஜன்னல்ல காத்து வாங்கியிருக்கீங்க. ஒரு டீயாவது உண்டா?" என்றார். உண்டு என்றேன். அதன்பின் தம் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நாள்தோறும் வர ஆரம்பித்தார்.

7. தங்கள் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்ப்பவரை எங்கள் குடியிருப்பில் "அடுத்தவாரம்" என்று சொல்வோம். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் நாள் அதுதான். நல்ல மனிதர், அவர்மீது எனக்குப் புகார் இல்லை. அவர் சொன்னது இது: "அம்மா, உங்க பத்திரத்துல இருக்குற வீட்ல நீங்க இல்ல. நீங்க இருக்குற வீடு உங்க பத்திரத்துல இல்ல. இதுல நான் எதை விடுவிக்கட்டும்?" வீடுகளை ஒருவருக்கொருவர் மாற்றி எழுதிப் பதிந்துகொண்டு வரச் சொன்னார். பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அடமானத்தில் இருக்கும் வீட்டை மாற்றிப் பதிய முடியாது, விடுவித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். திரும்ப வந்தோம். மாற்றிப் பதியாமல் விடுவிக்க முடியாது என்றார் அடுத்தவாரம். இவ்வாறு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஐந்து மாதம் நடந்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருந்து மாற வேண்டும். நான் சலித்துக்கொள்ளவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை யாருக்குக் கிடைத்தது என்பதை இம்மனுவில் எழுத அவசியமில்லை என்று மகள் சொல்கிறாள்.

8. சாமான்களைத் தூக்கி வீட்டை மாற்றிக்கொண்டால் என்ன என்றும் கேட்டார்கள். என் பக்கத்தில் இரண்டு மெஷின்கள் தரையில் திருகாணி போட்டு நிற்கின்றன, அவற்றைக் கழற்றிவிடலாம். அவர் பக்கத்துச் சுவரில்தான் சங்கடம். ஆணி அடித்து மாட்டிய மாதிரிச் சாவிகள் எழுநூற்றுக்கு மேல் இருக்கின்றன. எதிலும் எழுத்து இல்லை. எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பூட்டுக்கு என்று அவருக்குத் தெரியும். அந்தச் சுவரைக் கலைத்தால், சாவியைத் தொலைத்துவிட்டு அவரை நம்பி வரும் பாதிப் பேர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

9. ஏப்ரலில் ஒருநாள் அடுத்தவாரம் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருந்திருந்தா விதி பதினொன்னுல முடிச்சுக் குடுத்துருவேன். ஒரே குடும்பத்துல யாரு எந்த வீட்ல இருந்தா வாரியத்துக்கு என்ன?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான்தான் சிரித்தேன். பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. திரும்பும்போது மூன்று நிறுத்தம் வரை பேருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நான்காவது நிறுத்தத்தில், "அவரு சொன்னது விதிப் புத்தகத்துல இருக்குதானே?" என்றார்.

"இருக்கும்."

"அப்ப வாரியமே சொல்லுது."

"என்னன்னு சொல்லுது?"

"நீங்க சிரிக்காம கேட்டா சொல்றேன்."

சிரிக்காமல் கேட்க எனக்கு வராது. சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னேன். இதை மகளிடம் சொல்லத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, "இதைச் சொல்ல இவ்வளவு இழுவையாம்மா? எங்க மருந்துக்கடை முதலாளிக்கே எப்பவோ தெரியும்" என்று தலை சீவப் போய்விட்டாள். விதி பதினொன்றுக்காகத்தான் திருமணம் செய்துகொண்டோம் என்று தாங்கள் எண்ண வேண்டாம். விதி பதினொன்று இல்லையென்றால் இவர் இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பார், அவ்வளவுதான். பீரோ சாவி விஷயத்திலேயே இவர் வேகம் எனக்குத் தெரியும்.

10. மே 12 அன்று திருமணத்தைப் பதிவு செய்தோம். மறுநாளே சான்றின் நகலையும் ஒரு பெட்டி இனிப்பையும் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தோம். இனிப்பு அன்றே தீர்ந்தது. நகல் கோப்பில் சேர்ந்தது. மே 27 அன்று பார்வையில் கண்ட அறிவிப்பு வந்தது. விதி பதினாறின்படி, வாரியத்தின் அடமானத்தில் உள்ள வீடு ஒன்றுக்கு மேல் ஒரு குடும்பம் வைத்திருக்கக் கூடாதாம். இரண்டில் எதை ஒப்படைக்கிறோம் என்று விசாரணைக்குள் எழுதித் தர வேண்டுமாம். தராவிட்டால் அடமான உரிமையைக் கொண்டு வாரியமே ஒன்றை எடுத்துக்கொள்ளுமாம். எங்கள் திருமணத்துக்கு வந்த கடிதங்களில் முத்திரை வைத்து வந்தது இது ஒன்றுதான்.

11. நான் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் உள்ளவள். ஆனாலும் இந்த அறிவிப்பைப் படித்த அன்று மெஷினில் உட்கார்ந்து ஒரு சீருடைக்கு இரண்டு இடக்கையை வைத்துத் தைத்துவிட்டேன். கோடி வீடு போனால் மகளின் கட்டிலும், என்னோடு தைக்கும் மூன்று பெண்களின் வேலையும் போகும். பக்கத்து வீடு போனால் என் கணவரின் தொழில் போகும். எது போனாலும் ஒருவருடைய இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு போகும். அதுவும் கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக.

12. பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் பெண்மணியிடம் அறிவிப்பைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கடன் எங்கக்கா இருக்கு? கடனே இல்லாம அடமானம் எங்க இருந்து வரும்? கடைசித் தவணை கட்டுன அன்னிக்கே அது செத்துப்போச்சு. விடுவிப்புப் பத்திரம்கிறது அதோட இறப்புச் சான்று மாதிரி. சான்று எழுதலன்னு செத்தது எந்திரிச்சு வந்து வீடு கேக்குமா?" என்றார். இதற்கு அவர் காசு வாங்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை என் வார்த்தையில் கீழே தருகிறேன்.

வாரியம் அடமானம் வாங்கியது கடனுக்காக மட்டுமே. நானும் அடமானம் பிடிப்பவள்தான் அம்மா: தைத்த சட்டையைக் கூலி கைக்கு வரும் வரை கொடுக்க மாட்டேன், கொக்கியில் மாட்டி வைத்திருப்பேன். கூலி வந்த பிறகும், "ரசீது இன்னும் நான் எழுதலை" என்று சொல்லி அந்தச் சட்டையை நானே போட்டுக்கொண்டு கடைத்தெருவில் திரிந்தால் தாங்கள் என்னை என்ன சொல்வீர்கள்?

மேலும், விதி பதினாறு பேசுவது அடமானத்தில் உள்ள வீடுகளைப் பற்றி. நாங்கள் குடும்பமானது இந்த ஆண்டு மே மாதம். இரண்டு கடனும் தீர்ந்தது சென்ற ஆண்டு. ஆக எங்கள் குடும்பம் பிறந்த அன்று அதன் கையில் அடமான வீடு ஒன்றுகூட இல்லை. எண் மாறிப் போனதும் எங்கள் செயலால் அல்ல. சாவியில் அட்டை கட்டியது வாரியம், வரைபடம் இல்லாமல் பெயின்டரை அனுப்பியதும் வாரியம். நாங்கள் செய்ததெல்லாம் திறந்த கதவுக்குள் நுழைந்ததுதான். இறுதியாக ஒன்று. விதி பதினாறில் வீட்டைப் பிடுங்க எங்களைக் குடும்பம் என்று ஒப்புக்கொண்ட வாரியம், விதி பதினொன்றில் விடுவிக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு விதிக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருக்க எங்களுக்குத் தெரியாது.

13. இனி, நாங்கள் செய்த தவறு. இதை மறைக்காமல் சொல்வதுதான் நல்லது என்று படுகிறது. ஜூன் 3 அன்று, நூல் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "என் பெயரில் உள்ள ஏழாம் எண் வீட்டை வாரியம் எடுத்துக்கொள்ளட்டும். எட்டாம் எண் வீட்டை என் கணவருக்கே விட்டுவிடுங்கள். சாவிச் சுவரை இந்த வயதில் அவரால் மறுபடி அடுக்க முடியாது" என்று எழுதிக் கொடுத்தேன். ஜூன் 6 அன்று என்ன முடிவானது என்று கேட்க மறுபடி போனேன். அடுத்தவாரம் கோப்பைத் திறந்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். என் கடிதத்துக்கு அடியில் இன்னொரு கடிதம் இருந்தது. ஜூன் 2 என்று தேதி. நான் கொடுத்ததற்கு முந்தைய நாள். அந்தக் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியும், கடைப்பலகையில் இருப்பது. "என் பெயரில் உள்ள எட்டாம் எண் வீட்டை வாரியம் எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் எண் வீடு என் மனைவிக்கு இருக்கட்டும். மேற்கு ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியாது" என்று எழுதியிருந்தார்.

அதை மூன்று தடவை படித்தேன். அடுத்தவாரம் சொன்னார்: "டெய்லரம்மா, பத்திரப்படி ஏழாம் நம்பர் எது? அவரு சாவி மாட்டியிருக்குற வீடு. அதை நீங்க குடுத்துட்டீங்க. எட்டாம் நம்பர் எது? உங்க ஜன்னல் இருக்குற வீடு. அதை அவரு குடுத்துட்டாரு. நாங்க ஒன்னுதான் கேட்டோம். நீங்க ரெண்டையும் எழுதிக் குடுத்துட்டீங்க." கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். இருபத்திரண்டு ஆண்டு வாய்ப்பழக்கம் அம்மா. எது எந்த எண் என்று அளந்து சொன்ன பிறகும், கதவில் எழுதியிருப்பதுதான் கைக்கு வருகிறது.

வீட்டுக்குப் போய் இரண்டு கடிதத்தைப் பற்றியும் சொல்லிக் கேட்டேன். "நூல் வாங்கப் போறேன்னு போனியே, நூல் எங்க?" என்று முந்திக்கொண்டார். "பித்தளை வாங்கப் போறேன்னு நீங்க போனீங்களே, பித்தளை எங்க?" என்றேன். அந்தந்த நாளில் மற்றவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததை எங்கள் இருவரில் யாருமே கவனிக்கவில்லை. என் மகள் மட்டும் கவனித்திருக்கிறாள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டாளாம்.

14. ஆகவே அம்மா அவர்கள் தயவுசெய்து, கடன் தீர்ந்த அன்றே இரண்டு வீடுகளின் மீதும் வாரியத்தின் அடமானம் முடிந்துவிட்டது என்று ஆணையிட்டு, விடுவிப்புப் பத்திரங்களைத் தந்து, மே 27 அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுகிறேன். அவை கைக்கு வந்த மறுநாளே வீடுகளை மாற்றிப் பதிந்துகொள்கிறோம். கதவு எண்ணையும் நாங்களே பெயின்ட் வாங்கித் திருத்திவிடுகிறோம். தபால்காரருக்கும் சொல்லிவிடுகிறோம்.

15. எங்கள் இரண்டு கடிதங்களின் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். கிழித்துப் போட்டுவிடும்படி முதலில் எழுதியிருந்தேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கிழிக்க வேண்டாம். குறுக்கே ரத்து என்று எழுதி எங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்ததால், எங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டிய தேவை இதுவரை வந்ததே இல்லை. எங்களுக்கென்று இருப்பவை இந்த இரண்டும்தான். அவையும் தங்கள் கோப்பில் இருக்கின்றன.

விசாரணைக்கு இருவராக வந்து, இரண்டு வீட்டோடும் இரண்டு கடிதத்தோடும் திரும்ப விரும்பும்,

(ஒப்பம்) தையல்காரி, ஏழாம் எண் பத்திரதாரர்

மேலே எழுதியவை உண்மை. பீரோ சாவிக்கு ஆனது மூன்று மாதம் அல்ல, இரண்டரை மாதம்.
(ஒப்பம்) பூட்டுக்காரர், எட்டாம் எண் பத்திரதாரர்

இடம்: வாரியக் குடியிருப்பு
நாள்: ஜூன் 9